டார் ஆர்என்ஏ-வுக்கு பிடிபி-ல மூணு வடிவம் இருக்கே, எதை எடுக்கிறது?

உங்க கேள்விய நான் புரிஞ்சுகிட்டது இதுதான். எம்.எஸ்சி பிராஜெக்டுக்கு எச்ஐவி-1 வைரஸோட டார் ஆர்என்ஏ மேல சின்ன மூலக்கூறுகளை டாக்கிங் (எங்க, எப்படி ஒட்டும்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டுப் பாக்கிறது) பண்ணப் போறீங்க, பிடிபி-ங்கற மூலக்கூறு வடிவங்களோட தரவுத்தளத்துல தேடினா 1ஏஎன்ஆர், 1ஏஆர்ஜே, 397டி-ன்னு மூணு ஃபைல் வருது, மூணையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்தா பொருந்தவே மாட்டேங்குது, இதுல எது சரியான ஸ்ட்ரக்சர்னு கேட்டிருக்கீங்க. 397டி-தான் 1.3 ஆங்ஸ்ட்ராம், ரெசல்யூஷன் அதிகம், அதனால அதையே எடுத்துக்கோங்கன்னு ஒருத்தர் பதிலும் போட்டிருக்கார். அந்தப் பதிலோட எனக்கு உடன்பாடு இல்ல. ஏன்னா உங்க கேள்விக்குள்ள இருக்குற நிஜமான கேள்வி வேற: இவ்வளவு சின்ன ஆர்என்ஏ துண்டுக்கு ஒரே ஒரு வடிவம்னு ஒண்ணு இருக்கா? இல்லைங்கறதுதான் பதில், அது ஏன்னு புரிஞ்சா எந்த ஃபைலை எதுக்கு எடுக்கணும்னு உங்களுக்கே தெரிஞ்சுடும். நான் ஆர்என்ஏ என்எம்ஆர்-ல (காந்தப் புலத்துல அணுக்கள் தர்ற சிக்னலை வச்சு வடிவத்தைக் கண்டுபிடிக்கிற முறை) பயிற்சி எடுத்து பல வருஷம் அதே வேலை பாத்தவன், அதனால அந்தப் பக்கத்துலேருந்து சொல்றேன். டாக்கிங் சாஃப்ட்வேர்ல எது நல்லது எது மோசம்னு சொல்ற அளவுக்கு எனக்கு அனுபவம் கிடையாது, அதை வேற யாராவது சொல்லட்டும்.

முதல்ல இந்த டார் என்ன வேலை பண்ணுதுன்னு பாத்துடலாம், ஏன்னா வடிவத்தோட அர்த்தமே அங்கதான் இருக்கு. எச்ஐவி ஜீனோம் மனுஷ செல்லோட டிஎன்ஏ-வுக்குள்ள போய் உக்காந்த பிறகு, நம்ம செல்லோட ஆர்என்ஏ பாலிமரேஸ் 2-தான் அதை ஆர்என்ஏ-வா எழுதுது. எழுத ஆரம்பிச்ச கொஞ்ச தூரத்துலயே பாலிமரேஸ் நின்னு போயிடும், அப்படியே விட்டா துண்டு துண்டா குட்டி ஆர்என்ஏ-தான் நிறைய வரும். எழுதி வர்ற ஆர்என்ஏ-வோட முதல் 59 நியூக்ளியோடைட் மடிஞ்சு ஒரு ஹேர்பின் (கொண்டை ஊசி வடிவம்) ஆகுது, அதுதான் டார். வைரஸோட டாட் புரோட்டீன், நம்ம செல்லோட சைக்ளின் டி1, சிடிகே9 ரெண்டையும் கூட்டிகிட்டு வந்து அந்த ஹேர்பின்ல ஒட்டுது. சிடிகே9 ஒரு கைனேஸ், அது பாலிமரேஸையும் அதை நிறுத்தி வைக்கிற புரோட்டீன்களையும் பாஸ்பேட் போட்டு விடுவிக்குது, அப்புறம் முழு நீள ஆர்என்ஏ மளமளன்னு வருது. ஆக டார் ஒரு ஜீன் இல்ல, எந்தப் புரோட்டீனுக்கும் கோட் பண்ணல, ஒரு புரோட்டீன் கூட்டம் வந்து உக்கார்ற இடம் அவ்வளவுதான். அதோட வடிவமே அதோட வேலை.

இப்ப வடிவத்துக்கு வருவோம். லேப்ல பொதுவா முழு 59-ஐயும் எடுக்க மாட்டாங்க, 17-லேருந்து 45 வரைக்கும் உள்ள மேல் பாகத்தைத்தான் எடுப்பாங்க, உங்க என்எம்ஆர் ஃபைல்கள்ல இருக்குறதும் அந்தப் பாகம்தான். கீழ ஒரு ஹெலிக்ஸ் (பேஸ்கள் ஜோடி சேர்ந்து முறுக்கின பாகம்), மேல நாலு ஜோடி உள்ள இன்னொரு ஹெலிக்ஸ், ரெண்டுக்கும் நடுவுல ஒரு பக்கம் மட்டும் யூ23, சி24, யூ25-ன்னு (எழுத்து பேஸோட பேர், எண் அதோட வரிசை இடம்) மூணு பேஸ் ஜோடியில்லாம வீங்கி நிக்குது, அதுதான் பல்ஜ். உச்சியில சி30-லேருந்து ஏ35 வரைக்கும் ஆறு பேஸ் கொண்ட லூப். பேப்பர்ல வரைஞ்சா ரொம்ப சாதாரணமா தெரியும். ஆனா ஆர்என்ஏ ஹெலிக்ஸ் ஏ-வடிவம், அதோட மேஜர் குரூவ் (ஹெலிக்ஸ் ஓரமா ஓடுற ரெண்டு பள்ளத்துல ஒண்ணு) ஆழமா இருந்தாலும் ரொம்பக் குறுகல், ஒரு பெப்டைடு (சின்னப் புரோட்டீன் துண்டு) உள்ள நுழைஞ்சு பேஸ்களைத் தொட இடமே இருக்காது, டிஎன்ஏ-ல அந்தப் பிரச்சனை இல்ல. பல்ஜ் இருக்குற இடத்துலதான் அந்தக் குரூவ் திறக்குது. 1990-களோட ஆரம்பத்துல வீக்ஸும் குரோதர்ஸும் ரசாயன மாற்றம் பண்ணி இதைக் காட்டினாங்க, பல்ஜ் பக்கத்துல உள்ள பேஸ்கள் மேஜர் குரூவ் வழியா ரசாயனத்துக்கு எட்டுது, பல்ஜ் இல்லாத நேரான ஹெலிக்ஸ்ல எட்டல. அதனால பல்ஜை ஏதோ கோளாறு மாதிரி நினைக்காதீங்க, புரோட்டீனுக்கு வாசல் அதுதான்.

டாட் புரோட்டீன்ல ஆர்என்ஏ-வைப் பிடிக்கிற பகுதி ரொம்பச் சின்னது, ஆர்ஜினினும் லைசினும் நிறைஞ்ச ஒன்பது அமினோ அமிலம். 1991-ல ஃபிராங்கல் குழு அதுல ஒரே ஒரு ஆர்ஜினின்தான் முக்கியமான அடையாளம் காணும் வேலையைப் பண்ணுதுன்னு காட்டினாங்க. அடுத்த வருஷம் புக்லிசி, வில்லியம்சன், ஃபிராங்கல் எல்லாம் சேர்ந்து என்எம்ஆர்-ல பாத்தது என்னன்னா, முழுப் புரோட்டீனும் வேண்டாம், பெப்டைடும் வேண்டாம், ஆர்ஜினின் மாதிரியே இருக்குற ஆர்ஜினினமைடுங்கற சின்ன மூலக்கூறை மட்டும் போட்டாலே டார் வடிவம் மாறுது. எதுவும் சேராத நிலையில யூ23 கீழ் ஹெலிக்ஸோட ஏ22 மேல அடுக்கி உக்காந்திருக்கும், யூ25 வெளிய தொங்கும், ரெண்டு ஹெலிக்ஸும் சுமார் 50 டிகிரி வளைஞ்சு நிக்கும். ஆர்ஜினின் வந்ததும் அதோட குவானிடினியம் தலை (பாசிட்டிவ் சார்ஜ் உள்ள முனை) ஜி26-ஓட மேஜர் குரூவ் பக்கத்தைப் பிடிக்குது, பக்கத்துல உள்ள பாஸ்பேட்டுகளையும் பிடிக்குது, யூ23 தன் இடத்தை விட்டு மேல ஏறி ஏ27-யூ38 ஜோடியோட மூணாவதா சேர்ந்து ஒரு டிரிப்பிள் ஆகுது, சி24-ம் யூ25-ம் வெளிய தள்ளப்படுது, ரெண்டு ஹெலிக்ஸும் கிட்டத்தட்ட ஒரே அச்சுல நேராகுது. உங்க ஃபைல்கள்ல 1ஏஎன்ஆர் சேராத நிலை, 1ஏஆர்ஜே ஆர்ஜினினமைடு சேர்ந்த நிலை. ரெண்டும் அபூல்-எலா, கார்ன், வரானி குழுவோடது, 1995, 1996-ல வந்தது. பொருந்தலைன்னு சொன்னீங்களே, பொருந்தக் கூடாது, அதுதான் அந்த ரெண்டு ஃபைலும் சொல்ற சேதியே.

இதை ஸ்பெக்ட்ரத்துல நேரா பாத்தா இன்னும் நல்லா மனசுல நிக்கும். டார் கரைசல்ல ஆர்ஜினினமைடைக் கொஞ்சம் கொஞ்சமா சேர்த்துகிட்டே ஒவ்வொரு தடவையும் டாக்சி ஸ்பெக்ட்ரம் (ஒரு வகை என்எம்ஆர் படம்) எடுத்தா, ஹெலிக்ஸ்ல நல்லா ஜோடியா இருக்குற சி, யூ-க்களோட எச்5-எச்6 (பேஸ்ல அடுத்தடுத்து உள்ள ரெண்டு ஹைட்ரஜன்) பீக்குகள்ல பாதிக்கு மேல அசையவே அசையாது, யூ23-ஓட பீக் மட்டும் நல்லா நகர்ந்துகிட்டே போகும். ஆரம்பத்துலயே சி24, யூ25 பீக்குகள் மத்ததை விட கூர்மையா, பலமா இருக்கும், அந்தப் பேஸ்கள் சுதந்திரமா ஆடுதுன்னு அதுலயே தெரியும். இந்த ஒரு பரிசோதனையைத்தான் இன்னைக்கும் ஒரு மருந்து மூலக்கூறு டார்ல எங்க ஒட்டுதுன்னு பாக்க நிறைய லேப்ல பண்றாங்க. ஆர்ஜினினமைடு ஒட்டுறது ரொம்பப் பலவீனம், மில்லிமோலார் அளவுல போடணும், அதனால ரெண்டு நிலைக்கும் தனித்தனி பீக் வராம ஒரே பீக் சராசரியா நகரும்.

இதுல எது உறுதி, எது விவாதம்னு பிரிச்சுச் சொல்றேன். ஹெலிக்ஸ்கள் ரெண்டும் எங்கேருந்து எங்க வரைக்கும், ஜி26-தான் ஆர்ஜினின் பிடிக்கிற இடம், யூ23-ஐ மாத்தினா டாட் ஒட்டாது, சி24-யூ25-ஐ மாத்தினா பெருசா பாதிக்காது, சேர்ந்ததும் ஹெலிக்ஸ்கள் நேராகுது, இதெல்லாம் பல லேப்கள் பல முறையில பாத்தது, உறுதி. டிரிப்பிள் விஷயம் அப்படி இல்ல. யூ23-ஓட இமினோ புரோட்டான் (பேஸ்ல நைட்ரஜன் மேல உள்ள ஹைட்ரஜன்) ஏ27-ஓட ஹைட்ரஜன் பிணைப்புல இருந்தா அதுக்கு ஒரு தனி பீக் வரணும், ஆர்ஜினினமைடு காம்ப்ளெக்ஸ்ல அது வரல, தண்ணியோட வேகமா மாறிகிட்டதால தெரியலன்னு ஒரு தரப்பு, டிரிப்பிளே நிலையா இல்லன்னு இன்னொரு தரப்பு. டிரிப்பிள் உண்டுன்னு சொன்னவங்க 1993-ல ஒரு அழகான சோதனை பண்ணாங்க: ஏ27-யூ38 ஜோடியை ஜி-சி ஆக்கி, யூ23-ஐ சி ஆக்கினா, அந்த சி மேல ஒரு புரோட்டான் ஏறினாதான் அதே மாதிரி டிரிப்பிள் அமையும், அதுக்கு பிஎச் குறையணும், நினைச்ச மாதிரியே பிஎச் குறைச்சப்ப ஆர்ஜினின் ஒட்டுச்சு. மறைமுகமான சாட்சிதான், ஆனா எனக்கு அது பலமான சாட்சியாவே படுது. பின்னாடி டாட் பெப்டைடு சேர்ந்த காம்ப்ளெக்ஸ்கள் வந்தப்ப டிரிப்பிளுக்கு ஆதரவு கூடிச்சு. இருந்தாலும் வெறும் ஆர்ஜினினமைடு ஃபைல்ல இருக்குற யூ23 இடத்தை அங்குலம் தவறாம நம்பி அதுமேல ஒரு வாதத்தைக் கட்டாதீங்க.

இப்ப 397டி. இது 1998-ல இப்போலிட்டோவும் ஸ்டைட்ஸும் வெளியிட்ட கிரிஸ்டல் ஸ்ட்ரக்சர், தரத்துல ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா அதுல பல்ஜோட வடிவத்தை மூணு கால்சியம் அயனிகள் பிடிச்சு வச்சிருக்கு, அதுல ஒண்ணு பல்ஜ்ல உள்ள மூணு பாஸ்பேட்டை நேரடியா பிடிச்சுகிட்டிருக்கு. அந்த வடிவம் என்எம்ஆர்-ல பாத்த ரெண்டு வடிவத்தோடயும் ஒத்துப் போகலன்னு அவங்களே எழுதியிருக்காங்க. இன்னொரு விஷயம், ஃபைலைத் திறந்து பாருங்க, உச்சி லூப் அதுல கிடையாது, அது ரெண்டு இழையா செஞ்ச ஸ்டெம் மட்டும்தான். ரெசல்யூஷன்ங்கறது கிரிஸ்டலுக்குள்ள அணுக்கள் எங்க இருந்துச்சுன்னு எவ்வளவு துல்லியமா தெரியுதுங்கறதை மட்டும்தான் சொல்லும், அந்த நிலைதான் செல்லுக்குள்ளயும் இருக்குன்னு சொல்லாது. அதே சமயம் இதை ஒதுக்கித் தள்ளவும் கூடாது. செல்லுக்குள்ள மெக்னீசியம் தாராளமா இருக்கு, ஆனா பல என்எம்ஆர் வேலைகள் மெக்னீசியமே இல்லாத பஃபர்ல பண்ணது, மெக்னீசியம் போட்டா சேராத டாரே கிட்டத்தட்ட நேராயிடுதுன்னு பின்னாடி அளந்து காட்டினாங்க. அதனால 50 டிகிரி வளைவும் ஒரு குறிப்பிட்ட உப்புக்கான எண்தான்.

எண்ணு கூட சரியான வார்த்தை இல்ல, சராசரின்னு சொல்லணும். டாரோட பல்ஜ் முழங்கை மாதிரி, ஓயாம மடங்கி நிமிர்ந்துகிட்டும் கொஞ்சம் முறுக்கிகிட்டும் இருக்கு. இதை நேரா காட்டினது அல்-ஹாஷிமி குழு. சின்ன ஆர்என்ஏ-ல ஒரு சிக்கல் உண்டு, முழு மூலக்கூறு உருள்றதும் அதுக்குள்ள இருக்குற ஹெலிக்ஸ் ஆடுறதும் ஒண்ணோட ஒண்ணு கலந்து போயிடும், பிரிக்கவே முடியாது. அவங்க என்ன பண்ணாங்கன்னா ஒரு பக்க ஹெலிக்ஸை வேணும்னே நீளமாக்கி, நீளமாக்கின பாகம் மட்டும் ஸ்பெக்ட்ரத்துல தெரியாத மாதிரி ஐசோடோப் லேபிள் பண்ணி, மத்த பாகத்துல ரெசிடுவல் டைபோலார் கப்ளிங் (பிணைப்புகள் எந்தத் திசையில நிக்குதுன்னு காட்டுற என்எம்ஆர் அளவு) அளந்தாங்க. 2007-ல நேச்சர்ல வந்த கட்டுரையில அந்த அளவுகளை வச்சு அவங்க சொன்னது: ரெண்டு ஹெலிக்ஸும் எப்படி வேணா ஆடல, வளைவும் முறுக்கும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து ஒரு குறிப்பிட்ட பாதையிலதான் ஆடுது, வெவ்வேறு மூலக்கூறுகள் ஒட்டின டார் வடிவங்கள் பலதும் கிட்டத்தட்ட அதே பாதையிலயே இருக்கு. அதாவது ஆர்ஜினின் வந்து டாரைப் புதுசா ஒரு வடிவத்துக்கு வளைக்கல, ஏற்கனவே அப்பப்ப வந்து போற ஒரு வடிவத்தை வந்து பிடிச்சு நிறுத்துது. டார் பத்தி இதை விட முக்கியமான ஒரு உண்மை எனக்குத் தெரியாது. எல்லா லிகண்டும் (வந்து ஒட்டுற மூலக்கூறு) முழுக்க இப்படித்தான் பண்ணுதா, ஒட்டின பிறகு எவ்வளவு சரி செஞ்சுக்குதுங்கறது லிகண்டுக்கு லிகண்டு மாறும், அதைப் பொதுவா சொல்ல முடியாது.

லூப் பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா டாக்கிங் பண்றவங்க எல்லாம் பல்ஜையே பாத்துகிட்டு இதை மறந்துடறாங்க. டாட் மட்டும் பல்ஜைப் பிடிச்சா போதாது, சைக்ளின் டி1 வந்து லூப்பைப் பிடிச்சாதான் செல்லுக்குள்ள வேலை நடக்கும், லூப்போட பேஸ்களை மாத்தினா டிரான்ஸ்கிரிப்ஷன் விழுந்துடும். மனுஷ சைக்ளின் டி1-ல 261-வது இடத்துல சிஸ்டின் இருக்கு, அது டாட்டோட சேர்ந்து ஒரு ஜிங்க் அயனியைப் பிடிக்குது, எலியோட சைக்ளின்ல அதே இடத்துல டைரோசின், அந்த ஒரே ஒரு மாற்றத்தால எலி செல்லுல டாட் சரியா வேலை செய்றதில்ல. டாட், சைக்ளின் டி1, சிடிகே9, ஏஎஃப்எஃப்4 (நம்ம செல்லோட இன்னொரு புரோட்டீன்) எல்லாம் டாரோட சேர்ந்த கிரிஸ்டல் ஸ்ட்ரக்சர் 2018-ல வந்துச்சு, லூப்பை டாட்டும் சைக்ளினும் சேர்ந்து பிடிக்கிறது அதுல தெரியுது. லூப்பும் சும்மா இல்ல, சி30-ம் ஜி34-ம் குறுக்கே ஜோடி சேர்ற ஒரு நிலை பெரும்பாலும் இருக்கும், ஆனா மைக்ரோசெகண்ட் அளவுல கொஞ்ச நேரம் வேற ஜோடிகளோட இன்னொரு நிலைக்கும் போய் வருது, 2012-ல அதே அல்-ஹாஷிமி குழு அதைப் பிடிச்சாங்க. அந்த நிலையில லூப் பேஸ்கள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து மூடிக்கும், புரோட்டீனுக்குக் கிடைக்காது. செல்லுக்குள்ள வைரஸ் இதை ஒரு கட்டுப்பாடா பயன்படுத்துதான்னா, இருக்கலாம்னுதான் நான் சொல்வேன், நிரூபிச்சாச்சுன்னு சொல்ல மாட்டேன்.

சரி, உங்க டாக்கிங். ஒரே ஒரு ஃபைலை எடுத்து அதுமேல மூலக்கூறு லைப்ரரியை ஓட்டினா வர்ற லிஸ்ட் அந்த ஃபைலோட பல்ஜ் குழிக்கு ஏத்த லிஸ்டா இருக்கும், டாருக்கு ஏத்ததா இருக்கணும்னு இல்ல. இதுக்கு ஆதாரம் இருக்கு. 2011-ல அல்-ஹாஷிமி குழு என்எம்ஆர் அளவுகளும் மாலிகுலர் டைனமிக்ஸும் (அணுக்களோட அசைவைக் கம்ப்யூட்டர்ல கணக்கிடுறது) சேர்த்து எடுத்த 20 வடிவங்கள் மேல சுமார் 51,000 மூலக்கூறுகளை டாக் பண்ணி, அதுல வந்த சிலது நிஜமாவே டார்ல ஒட்டுதுன்னு பரிசோதனையில காட்டினாங்க, அதுல நெட்டில்மைசின்ங்கற ஆன்டிபயாடிக்கும் ஒண்ணு. லிகண்டுக்கு லிகண்டு டார் எப்படி மாறுதுன்னு பாக்கணும்னா 2002-ல வந்த அசிட்டைல்புரோமசின் காம்ப்ளெக்ஸையும் 2000-ல வந்த நியோமைசின் காம்ப்ளெக்ஸையும் எடுத்துப் பாருங்க. நியோமைசின் ஆர்ஜினின் பிடிக்கிற இடத்துக்கே போகல, கீழ் ஹெலிக்ஸோட மைனர் குரூவ் பக்கம் ஒட்டியிருக்கு. ஒண்ணையும் மறைக்காம சொல்லிடறேன், இவ்வளவு வருஷ வேலைக்குப் பிறகும் டாரைக் குறி வச்சு சந்தைக்கு வந்த எச்ஐவி மருந்து ஒண்ணு கூட இல்ல, ஒட்டுறது சுலபம், மத்த ஆர்என்ஏ-க்களை விட்டுட்டு இதுல மட்டும் ஒட்டுறதுதான் கஷ்டம்.

அதனால என் யோசனை: 1ஏஎன்ஆர், 1ஏஆர்ஜே ரெண்டுலயும் முதல் மாடலை மட்டும் எடுக்காம எல்லா மாடலையும் எடுங்க, லிகண்டு சேர்ந்த மத்த ஃபைல்களையும் சேர்த்து லிகண்டை நீக்கிட்டு ஒரு தொகுப்பா வச்சுக்கோங்க. 397டி-யைச் சேர்க்கணும்னா சேருங்க, ஆனா கால்சியத்தை எடுத்துட்டு டாக் பண்ணாதீங்க, அதை எடுத்தா அந்த வடிவம் நிக்கிறதுக்கு காரணமே போயிடும். ஒவ்வொரு ஃபைலுக்கும் எந்த பஃபர், எந்த பிஎச், எவ்வளவு உப்பு, மெக்னீசியம் உண்டா இல்லையான்னு உங்க ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதுங்க, எந்த ஃபைல்லேருந்து எந்த ஹிட் (நல்லா ஒட்டும்னு வந்த மூலக்கூறு) வந்துச்சுன்னும் தனியா காட்டுங்க. லைப்ரரி ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சோதனை பண்ணுங்க: 1ஏஆர்ஜே-ல இருந்து ஆர்ஜினினமைடை எடுத்துட்டு அதையே திரும்ப டாக் பண்ணுங்க, ஜி26 பக்கத்துல வந்து உக்காருதான்னு பாருங்க, அடுத்து அதே ஆர்ஜினினமைடை 1ஏஎன்ஆர் மேல டாக் பண்ணுங்க. முதல்ல சொன்னதே சரியா வரலைன்னா உங்க ஸ்கோரிங் ஃபங்ஷன் (எவ்வளவு நல்லா ஒட்டுதுன்னு மதிப்பெண் போடுற கணக்கு) ஆர்என்ஏ-வோட நெகட்டிவ் சார்ஜை சமாளிக்கலன்னு அர்த்தம், லைப்ரரி ஓட்டி நேரத்தை வீணாக்காதீங்க. முதல்ல சரியா வந்து ரெண்டாவதுல வரலைன்னா கவலைப்படாதீங்க, வராம இருக்குறதுதான் எதிர்பார்க்க வேண்டியது. ரெண்டு ரிசல்ட்டையும் இங்கயே போடுங்க, போஸ் (மூலக்கூறு ஒட்டி நிக்கிற நிலை) படத்தையும் சேர்த்துப் போட்டா யூ23 எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்துச் சொல்றேன்.